எண்கள் இறங்கியபோது நான் நன்றி சொன்னேன்

முருகனடியார்களே, சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, நம் வழிபாட்டுக் குழுவில் நான் எழுந்து நின்று பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என் மனைவி நாகம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தேன். விரதமும் வேண்டுதலும் அவளுடைய கிரியேட்டினினைக் குறைத்துவிட்டன என்று சொன்னேன். நீங்கள் அரோகரா சொன்னீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாளில் இருந்த எண்கள் உண்மை. நான் அவற்றுக்குச் சொன்ன பொருள் தவறு. அந்த வெள்ளிக்கிழமை சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதும்போதும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிடவில்லை. எழுபத்திரண்டு வயதில் தெளிவு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

நாகம்மா மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவள். இனிப்புநீர் என்கிற நீரிழிவு அவளுடைய சிறுநீரகங்களை மெதுவாகத் தின்றது. அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போவோம். மருத்துவர் தாளைப் பார்ப்பார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்பார். மறுமுறை போனால் இன்னும் ஏறியிருக்கும். அந்த ஓர் எண்தான் எங்கள் வீட்டில் எமனாக இருந்தது. அது ஏறி ஏறி ஒரு நாள் அவளை இயந்திரத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் அந்த இரத்தச் சுத்திகரிப்பு நிலையம்.

நான் இடைநிலைப்பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாதம் ஒருமுறை நிலையத்தில் அவளுடைய இரத்தத்தை எடுத்து அனுப்புவார்கள். தாளில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும், அளவுக்கு மேல் போனால் எச் என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அளவுக்குக் கீழே போனால் எல். பொட்டாசியம் எச். பாஸ்பேட் எச். யூரியா எச். கிரியேட்டினின் எச். நான் சிவப்புப் பென்சிலால் ஒவ்வோர் எச்சையும் வட்டமிடுவேன். வரைபடத் தாளில் கோடு போடுவேன். கோடுகள் மேலே போனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

"வாத்தியாரே, எம்மேல எத்தனை மார்க்குக்குப் பரீட்சை வெக்கிறீங்க?" என்று நாகம்மா கேட்பாள். கோபமாக இருந்தாலும் சிரிப்பு வந்தாலும் அவள் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள்.

தீபாவளி முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். வருகிற தைப்பூசத்துக்கு நாங்கள் இருவரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பது. அதற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். அது முடிவதற்குள் முருகன் அவளை இயந்திரத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். இதுதான் என் வேண்டுதல். அளவுக்கு மீறிய வேண்டுதல் என்று தெரியும். ஆனால் நான் ஐந்து வயதிலிருந்து அந்தப் படிகளில் ஏறுகிறவன். ஒரு தடவைகூட எனக்காக எதையும் கேட்டதில்லை.

விரதத்துக்கு முன்னதாகவே வீட்டில் மீனையும் கோழியையும் நிறுத்தினேன். விரத நாள் வந்ததும், கோயிலில் எனக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டு வைத்து முடிந்த நூல். நாகம்மாவுக்கு மட்டும் நான்தான் கட்டினேன். இடது கையில் இயந்திரத்துக்காக ஊசி ஏற்றும் இரத்தக்குழாய் இருப்பதால் வலது மணிக்கட்டில் கட்டினேன். கழன்றுவிடக் கூடாதே என்று மூன்று முடிச்சுப் போட்டேன். அன்றிலிருந்து இருவருக்கும் முட்டையும் கிடையாது. ஒரு வேளைச் சோறு, கொஞ்சம் காய், மற்ற வேளைக்கு இரண்டு பிஸ்கட்டு.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மிஸி முட்டை வெள்ளை சாப்பிடச் சொல்லியிருக்காங்களே, அது பரவாயில்லையாங்க?"

மிஸி என்றால் நர்ஸ். நிலையத்துத் தலைமை நர்ஸ் புனிதா, கெப்பாலா பத்தாசிலிருந்து தினமும் பாலம் கடந்து எங்கள் தீவுக்கு வேலைக்கு வருகிற பெண். நான் சொன்னேன், "நாற்பத்தெட்டு நாள்தானே. முருகன் பார்த்துக்குவாரு." நாகம்மா தலையாட்டினாள். நாற்பது வருடங்களாக அப்படித்தான் தலையாட்டுவாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்குப் பழகிப்போயிருந்தது.

விரதத்தின் நடுவில் பரிசோதனைத் தாள் வந்தது. பொட்டாசியத்தின் பக்கத்தில் எச் இல்லை. பாஸ்பேட்டின் பக்கத்தில் இல்லை. யூரியா பாதிக்குப் பாதி. எண்ணூற்று எண்பதில் இருந்த கிரியேட்டினின் அறுநூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. எங்கள் வாழ்க்கையில் அந்த எண் இறங்கி நான் பார்த்ததே இல்லை. தாளைப் பூசை அறையில் வேலின் முன் வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டு அழுதேன்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. அல்புமின். இரத்தத்தில் உள்ள புரதம். அது முப்பத்தேழிலிருந்து முப்பத்தொன்றுக்கு வந்து, பக்கத்தில் எல் என்று இருந்தது. நான் எச்சை மட்டுமே எதிரியாகப் பார்த்துப் பழகியவன். எல் என்ற எழுத்தைப் பார்த்ததும், எல்லாமே இறங்குகிறது என்று மகிழ்ந்தேன்.

அந்த வாரம்தான் உங்கள் முன்னால் பேசினேன்.

இப்போது சொல்லப்போவதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. தாளோடு சேர்த்து மிஸி புனிதா ஒரு சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். "புரதம் குறைகிறது. ஒவ்வொரு நாளும் மூன்று முட்டை வெள்ளை கட்டாயம். கணவர் என்னை வந்து பார்க்க வேண்டும்." கட்டாயம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. நான் அதைப் படித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. படித்துவிட்டு மடித்து, வேலுக்கு அடியில் செருகிவைத்தேன். தைப்பூசம் முடியட்டும், பிறகு போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அதைத்தான் அன்றைக்கு நம்பிக்கை என்று நினைத்தேன்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு, காலையில் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. நாகம்மாவுக்கு இயந்திரத்தில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. ஓடினேன். நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தி வைத்திருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

மிஸி புனிதா புதிய தாளை என்னிடம் நீட்டினாள். கிரியேட்டினின் ஐந்நூற்றுப் பத்து. அந்த நிலையிலும் என் மனம் அதைப் பார்த்து ஒரு கணம் துள்ளியது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"எறங்கியிருக்கே மிஸி," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே?"

"ஆமா."

"கிரியேட்டினின் எங்கேருந்து வருது, சொல்லுங்க."

"தசையிலேருந்து," என்றேன்.

"ஆன்ட்டிக்கு கிட்னி வேலை செய்யறது நின்னு மூணு வருஷம் ஆச்சு. அது திரும்பி வராது சார். அப்போ இந்த நம்பர் எறங்குதுன்னா என்னா அர்த்தம்? சதை கரையுது. சாப்பாடு உள்ள போவலன்னா பாஸ்பேட்டும் எறங்கும், பொட்டாசியமும் எறங்கும். எங்களுக்கு இந்த அல்புமின்தான் பயம். இருபத்தாறு சார், இருபத்தாறு! இது இப்படி விழுந்தா எத்தனை பேரு எந்திரிச்சு வர்றாங்கன்னு நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? சீட்டு எழுதி அனுப்பினேனே, பாக்கலையா?"

"பாத்தேன்," என்றேன்.

அவள் திரும்பிப் போய் நாகம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது என்பதை நான் கற்றவன். கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். ஆனால் ஒருநாளும் என்னை நானே கேட்டதில்லை. நான் கடவுளிடம் எண்ணைக் குறை, எண்ணைக் குறை என்று மன்றாடினேன். எண் குறைந்தது. அவள் குறைந்துகொண்டிருந்தாள்.

அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலில் கிருமி பிடித்திருந்தது. உடம்புக்குள் எங்கோ நெருப்பு இருக்கிறது என்று காட்டுகிற சிஆர்பி என்ற எண் பல மடங்கு ஏறியிருந்தது. மருந்து ஏற்றினார்கள். இளம் மருத்துவர் என்னை நடைபாதைக்கு அழைத்து ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். மருந்து தன் வேலையைச் செய்யும். ஆனால் எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமில்லை. உங்கள் மனைவி சாப்பிட்டாக வேண்டும், புரதம் உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

நாகம்மா சாப்பிடவில்லை. தட்டில் முட்டை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீன் வந்தது. தொடவில்லை. உணவு ஆலோசகர் வந்து கெஞ்சினார். நானும் கெஞ்சினேன்.

"பால்குடம் முடியட்டுங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "நடுவுல விட்டா சாமி குத்தமாயிரும். உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

அவள் எனக்காகப் பயந்தாள். நான் மூன்று முடிச்சுப் போட்ட நூலை, போர்வைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் சிலர், விடை எளிதுதானே, நூலை அறுத்துவிட்டுச் சோற்றை ஊட்டவேண்டியதுதானே என்று நினைக்கலாம். எனக்கு அது எளிதாக இல்லை. முருகன் முன்னால் சொல்லிக் கட்டியது. விரதத்தை முறித்து, அதனால் அவள் போய்விட்டால்? முறிக்காமலே போய்விட்டால்? இரண்டு பக்கமும் அவள் சாவுதான் நின்றது. நான் படித்த வேதியியலும் சொல்லவில்லை. நான் ஓதிய பாடல்களும் சொல்லவில்லை. மூன்று நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதையே அரைத்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசத்தன்று காலை, அவள் இல்லாமல் பால்குடம் எடுத்தேன். அவளுக்கென்று வாங்கிவைத்த சிறிய குடத்தை மகன் கையில் கொடுத்து ஏறச்சொன்னேன். தெருவெல்லாம் உடைத்த தேங்காய் வாசனை. மேளம், உறுமி, கூட்டம். படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். மேலே குருக்களிடம் என் மனைவியின் காப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட நினைத்தேன். பின்னால் ஆயிரம் பேர். "நகருங்க, நகருங்க" என்ற சத்தம். எங்கள் இரண்டு குடத்துப் பாலையும் வாங்கி ஊற்றினார்கள். என் காப்பை அவிழ்த்தார்கள். பஞ்சாமிர்தப் புட்டி ஒன்றைக் கையில் திணித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்திருந்தேன்.

அந்த இரண்டு மூன்று கணத்தில் நான் வேண்டியது இதுதான். இதுவரை எந்த எண் எவ்வளவு குறைய வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். இனிச் சொல்லமாட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

பதில் ஒன்றும் வரவில்லை. மனதில் வெளிச்சமும் வரவில்லை. மகன் குடங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். நான் மருத்துவமனையை நோக்கி நடந்தேன். சாலைகளை அடைத்திருந்தார்கள். கையில் பஞ்சாமிர்தம். அதில் வாழைப்பழமும் பேரீச்சையும். நாகம்மாவின் உடம்புக்கு அவ்வளவு பொட்டாசியம் ஆகாது. முருகனுடைய பிரசாதத்தையே அவளுக்குக் கொடுக்க முடியாது. இதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது.

மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை இருக்கிறது. தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்துகிறார். அவர்கள் வழக்கில் அண்ணன் என்று பொருள்படும் காக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் பழைய மாணவனின் அண்ணன். என் கால் அங்கே நின்றது. நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையப் பட்டை, வெறுங்கால்.

"என்னா சார், எடம் மாறி வந்துட்டீங்களா? தண்ணீர்ப் பந்தல் அந்தப் பக்கம்லா."

"முட்டை இருக்கா காக்கா?" என்று என் வாய் கேட்டது.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரும் திரும்பிப் பார்த்தார்.

"நெத்தியில பட்டை, கையில பிரசாதம், கேக்கறது முட்டை. தைப்பூசமும் அதுவுமா! யாருக்கு சார்?"

"எம் மனைவிக்கு. டயாலிசிஸ். வார்டுல கெடக்குறா. விரதம்னு சாப்பிட மாட்டேங்கிறா."

அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. முன்னால் வந்து, கை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னப் பெத்த உம்மாவும் டயாலிசிஸ்தான் சார். நோன்பு மாசம் வந்தா ஒரே அடம், நோன்பு பிடிப்பேன்னு. நாங்க சொன்னா கேக்கல. பள்ளிவாசல் ஹஜ்ரத்த வீட்டுக்கே கூட்டியாந்தேன். அவரு ஒண்ணுதான் சொன்னாரு. ஒடம்பு முடியாதவங்ககிட்ட அல்லா நோன்பு கேக்கலம்மா, அடம் பிடிக்கிறது நீங்கதான், அதுக்குப் பதிலா ஒரு ஏழைக்கு ஒரு வேளை சோறு குடுங்கன்னாரு. அதுக்கப்புறம்தான் உம்மா வாயில சோறு போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க சாமிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன் காக்கா. இப்பத்தான் கேட்டுட்டு வர்றேன். பதில் சொல்லல."

"பதில் சொல்லாமத்தான் இங்க வந்து முட்டை கேக்குறீங்களா?"

கடையில் யாரோ சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அவர் உள்ளே போய், குழம்பில் போடாத அவித்த முட்டை இரண்டைத் தோலோடு எடுத்துவந்து, பொட்டலம் கட்டிப் பொங்குஸ் பண்ணிக் கொடுத்தார். "கொழம்பு வேணாம், உப்பு ஜாஸ்தி. வெள்ளைய மட்டும் குடுங்க. எனக்குத் தெரியும் சார், உம்மாவுக்கு நான்தான் உரிப்பேன்."

வார்டுக்குப் போனபோது நாகம்மா விழித்திருந்தாள். "ஊத்திட்டாங்களா?" என்றாள்.

"ரெண்டு கொடமும் ஊத்தியாச்சு. இப்போ உன் காப்ப அவுக்கப்போறேன்."

"குருக்கள்தானே அவுக்கணும்? சாமி குத்தங்க."

"குத்தம் என்னோடது நாகம்மா. விரதம் எனக்கு. உனக்குக் கட்டினது நான்தான், சாமி இல்ல. மிஸி எழுதின சீட்ட ஒளிச்சு வெச்சதும் நான்தான்."

சீட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதை அவள் கண்ணில் பார்த்தேன். அவள்தானே அதை நிலையத்திலிருந்து கொண்டுவந்தவள். படித்துமிருந்திருக்கிறாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

"அப்போ நீங்களே அவுத்துக்குங்க. நான் அவுக்க மாட்டேன்," என்று போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள்.

மணிக்கட்டில் நூல் இல்லை. நான் திகைத்தேன். அவள் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குப் பக்கத்தில், மேற்கையில் இருந்தது காப்பு. மணிக்கட்டில் நிற்கவில்லை என்று, விழுந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். நான் விரலால் தொட்டதும் அது இறங்கியது. முழங்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள். என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நான் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. அவிழ்க்க ஒன்றுமில்லை.

மாதாமாதம் வரைபடம் போட்டவன் நான். அந்தக் கையை ஒரு நாளும் பிடித்துப் பார்க்கவில்லை.

முட்டையை உரித்தேன். வெள்ளையை மட்டும் பிய்த்து ஊட்டினேன். மெதுவாக மென்றாள்.

"உப்பு இல்லியா?"

"உப்பு உனக்கு ஆகாது."

"தெரியும். சும்மா கேட்டேன்." இன்னொரு துண்டு விழுங்கினாள். "நாப்பது வருசத்துல எனக்குன்னு சாப்பாடு வாங்கிட்டு வந்தது இன்னிக்குத்தான் வாத்தியாரே. அதுவும் தைப்பூசத்தன்னிக்கு, முட்டை."

ஒன்றரை முட்டையின் வெள்ளை. அவ்வளவுதான் சாப்பிட்டாள். மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் மீன் கேட்டாள். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தாள். சிஆர்பி இறங்கியது. அல்புமின் இருபத்தாறிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்று, இரண்டு என்று ஏறி, இப்போது முப்பத்தைந்தில் நிற்கிறது. நிலையத்துக்குத் தானே நடந்து போகிறாள்.

அவளைக் காப்பாற்றியது மருந்து என்று மருத்துவர் சொல்கிறார். அது உண்மை. சாப்பாடு என்று மிஸி புனிதா சொல்கிறாள். அதுவும் உண்மை. முருகன் என்று நான் சொல்கிறேன். ஆனால் எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மலைமேல் நான் கேட்டதற்கு மலையடிவாரத்தில், சந்துக்குள், வேறு மதத்துக்காரர் ஒருவர் வாயிலிருந்து பதில் வந்ததா? அல்லது நான் கேட்பதற்கு முன்பே, இரண்டு கோடு போட்ட அந்தச் சீட்டில் வந்த பதிலைத்தான் நான் வேலுக்கு அடியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேனா? இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குளிர்கிறது. அந்தச் சீட்டு இன்னும் பூசை அறையில் இருக்கிறது. திருநீறு படிந்திருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று என் பேச்சைக் கேட்டுவிட்டு, பைராம் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி, தன் கணவரும் டயாலிசிஸில் இருக்கிறார் என்று சொல்லி விரத முறையைக் கேட்டார். நான் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நாகம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவரைத் தேடிப் போனேன். அவருடைய கணவர் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ சார், நாங்க ஆரம்பிக்கவே இல்ல. இவருக்கு முட்டை இல்லன்னா ஒரு வாய் எறங்காது. மொத நாளே தட்டத் தூக்கிப் போட்டுட்டாரு."

அவர்கள் வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்கத் தெரியாத வேண்டுதலுக்கும் பதில் இருந்திருக்கிறது.

இப்போது வாரம் ஒரு நாள், நாகம்மாவோடு அதே நேரத்தில் நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு நான் முட்டை அவித்து உரித்து, வெள்ளையை மட்டும் எடுத்துப் போகிறேன். மிஸி புனிதாவிடம் கேட்டுவிட்டுத்தான். ஏழைக்கு ஒரு வேளை சோறு என்று காக்கா சொன்னதை நான் இப்படி எடுத்துக்கொண்டேன். அங்கே எனக்கு முட்டை வாத்தியார் என்று பேர். தாள் வந்தால் படிக்கிறேன், எச், எல் இரண்டையும் சேர்த்து. புரியாததைப் புனிதாவிடம் கேட்கிறேன். சென்ற மாதம் பாஸ்பேட் மறுபடியும் எச். நாகம்மா திருட்டுத்தனமாகக் கருவாடு சாப்பிட்டிருக்கிறாள். மிஸி அவளைத் திட்டினாள். ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. நடுவில் எப்படி நடப்பது என்று நாங்கள் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறோம். சிவப்புப் பென்சிலைப் பேரனிடம் கொடுத்துவிட்டேன்.

அடியார்களே, வேண்டிக்கொள்ளுங்கள். நான் உங்களை விரதத்திலிருந்து விலகச் சொல்லவில்லை. முருகனை நம்பலாம். நம்பி ஏமாந்தவன் இல்லை நான். நம்பிக்கை என்று சொல்லி என் பிடிவாதத்தை இன்னொருவர் கையில் கட்டியவன். நீங்கள் கேட்பதை அவரிடம் கேளுங்கள். பதில் எந்த வாயிலிருந்து வரும் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். விரதம் இருப்பதானால் உங்கள் உடம்பில் இருங்கள், இன்னொருவர் உடம்பில் வேண்டாம். உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், தாளைப் பார்ப்பதற்கு முன் அவர் கையைப் பிடித்துப் பாருங்கள்.

இந்த ஆண்டும் தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கிவிட்டேன். காப்பு எனக்கு மட்டும். இந்த முறை கட்டியவள் நாகம்மா. வெள்ளிக்கிழமைதோறும் என் மணிக்கட்டுக்கும் நூலுக்கும் நடுவில் தன் விரலை நுழைத்துப் பார்க்கிறாள். ஒரு விரலுக்கு மேல் போனால் அன்றைக்கே அறுத்துவிடுவாளாம். கத்தரிக்கோலை எடுத்துப் பூசை அறையிலேயே வைத்திருக்கிறாள், வேலுக்குப் பக்கத்தில்.